பாண்டோல் சிவப்பு (தெற்குப் பிரான்ஸ், புரோவான்ஸ் ஒயின்): கார்க்கை எடுத்ததும் அழுகின முட்டை நாற்றம். யாருக்காவது நடந்திருக்கா?

பதிவு 1
4 வருஷத்துப் பாண்டோல். கார்க் வந்ததும் அழுகின முட்டை. மேஜையில் பாதிப் பேர் "கெட்டுப்போச்சு, தொட்டியில ஊத்து" என்றார்கள். ஊற்றவில்லை. வாய் அகன்ற ஜாடிக்கு மாற்றி 2 மணி நேரம் வைத்ததில் நாற்றம் போய், கறுப்புப் பழமும் மிளகும் பதனிட்ட தோலும் மணக்கிறது. அதே ஒயின்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மாற்றம்.

பதிவு 2
அது முர்வேத்ர் திராட்சையின் குணம். பாண்டோல் சிவப்பில் அது குறைந்தது 50% இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் கிரெனாஷ், சான்சோ என்ற திராட்சைகள். நொதிக்கும்போது சாற்றில் நைட்ரஜன் போதவில்லை என்றால் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை (முட்டை நாற்றக் கந்தக வாயு) விடும். அதன் பிறகு 18 மாதம் மரத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. அங்கே பல பண்ணைகளில் பெரிய பீப்பாய்தான். 225 லிட்டர் சின்னப் பீப்பாய் அளவுக்கு அதில் காற்று உள்ளே போகாது. அவ்வப்போது ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காற்றுப் பட வைக்காவிட்டால், வாடை அப்படியே பாட்டிலுக்குள் அடைபட்டுவிடும்.

செய்ய வேண்டியது: பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். இள ஒயினை 2, 3 மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றுங்கள். 15 வருஷம் தாண்டியதை அப்படி விட்டால் மணமே போய்விடும். வண்டலை மட்டும் பிரித்து உடனே பரிமாற வேண்டும். சூடு 16, 17 டிகிரி. 20ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

பதிவு 3
பதிவு 2 சொல்வது சரி, ஆனால் பாதிதான். எல்லா நாற்றத்தையும் "முர்வேத்ர் குணம்" என்று மன்னித்துவிடுவதால்தான் கெட்ட பாட்டிலும் விலைபோகிறது. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முட்டை, எரிந்த தீக்குச்சி வாடை என்றால் கந்தகம். பெரும்பாலும் காற்றில் போகும். குதிரைலாயம், பிளாஸ்திரி வாடை என்றால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்; நாளெல்லாம் ஜாடியில் வைத்தாலும் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கோளாறு. நேரம் போகப்போக இன்னும் தூக்கலாகும். அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சோதனை எளிது. கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுச் சுழற்றுங்கள். ஒரு நிமிடத்தில் வாடை அடங்கினால் கந்தகம்தான். 5 யூரோ சென்ட் காசு மேலே மட்டும்தான் செம்பு, உள்ளே எஃகு. தேய்ந்த காசை நம்ப வேண்டாம். அந்தக் கோப்பையைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

பதிவு 4
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: இந்த ஒயினுக்குத் துணை புரோவான்ஸ் டோப் (ஒயினில் மெதுவாக வேகும் மாட்டுக்கறிக் குழம்பு) தான். மாட்டுத் தோள்கறியும் கன்னக்கறியுமாக 1.5 கிலோ, 80, 100 கிராம் துண்டுகள். ஒரு பாட்டில் மலிவு சிவப்பைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள் (பச்சை ஆல்கஹாலில் ஊறினால் கறியில் அந்த நெடி தங்கும், பாண்டோலையே சட்டியில் ஊற்றுவது பணத்தை எரிப்பது). அதில் வெங்காயம், கேரட், பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, ஒரு கீற்று ஆரஞ்சுத் தோல் சேர்த்து 12 மணி நேரம் ஊறட்டும். தோலின் வெள்ளைப் பகுதியைச் சீவாவிட்டால் குழம்பு கசக்கும்.

கறியை ஈரம் ஒற்றித்தான் வதக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் சிவக்காமல் வேகும். பிறகு ஊறல் சாற்றோடு மூடி, மூன்றரை, நான்கு மணி நேரம். குமிழி எப்போதாவது ஒன்று வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கறி நார்நாராகி வறண்டுவிடும். கறுப்பு ஆலிவ் கடைசி அரை மணியில். உப்பு அதற்குப் பிறகு. மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடாக்கினால் இன்னும் ருசி. ஒயினின் துவர்ப்பை அடக்குவது அந்தக் கறிப்பசைதான்.

பதிவு 5
புய்யாபேஸ் மீன் சூப்போடு இந்தச் சிவப்பை வைத்தால் வாயில் தகர ருசி. ஒயினில் உள்ள இரும்பும் மீன் கொழுப்பும் சேரும் வேலை அது. அந்தச் சூப்புக்குப் பாண்டோல் ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) அல்லது வெள்ளை எடுங்கள்.

பதிவு 6
ஊர்ப்பெயர் குழப்பம் வேண்டாம். பாண்டோல் துறைமுகம்; பீப்பாய்கள் அங்கிருந்து கப்பலேறியதால் ஒயினுக்கு அந்தப் பெயர். கொடிகள் அதிகம் நிற்பது பின்னால் கஸ்தெலே, லா கதியேர் பக்கத்துச் சுண்ணாம்பு மேடுகளில், கல்சுவர் கட்டிய படிநிலங்களில். 1941இல் ஏஓசி (ஊர்ப்பெயருக்கான அரசு அங்கீகாரம்) கிடைத்தது. கொடிகளின் வேரை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சிக்குப் பிறகு கிட்டத்தட்ட மறைந்துபோன முர்வேத்ரை அங்கே மீட்டதில் தாம்பியே பண்ணையின் லூசியன் பெய்ரோவுக்குப் பெரிய பங்கு. தாமதமாகப் பழுக்கும் திராட்சை அது. கடல் வெப்பம் இல்லாத இடத்தில் பச்சைத் துவர்ப்பாகவே நின்றுவிடும். சில "மலிவு முர்வேத்ர்" பாட்டில்கள் நாக்கை இழுப்பது அதனால்தான்.

பதிவு 1
இன்னொரு பாட்டிலைத் திறந்து செம்புச் சோதனை செய்தாயிற்று, கந்தகம்தான். பாதியைக் கார்க் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததில் மறுநாள் இன்னும் மென்மை. குடிக்க ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரியான சூட்டுக்கு வருகிறது.