நோட்டம்ல மூண்டரை எண்டா ஆற்ற மூண்டரை?

வீடு உப்புவெளி, பறக்கப் பழகினது ரத்மலானையில. குறொஸ்கன்ட்ரிக்கு, அதுதான் வேற ஊருக்குப் பறந்து போற பயிற்சிக்கு, எங்கட திருகோணமலைச் சீனன்குடா எண்டு சொன்ன உடனே எனக்குத் தலைகால் தெரியேல்ல. அது விமானப்படையின்ர ஓடுபாதை, சும்மா போய் இறங்கேலாது, பெர்மிஷன் எல்லாம் எடுத்தாச்சு, வீட்டயும் சொல்லிப்போட்டன், அம்மா விடியவே பாரை மீன் வாங்கிட்டா.

காலமை நோட்டம் பாத்தன், அதுதான் NOTAM, பைலட்மாருக்கு வாற பறப்பு அறிவித்தல். (நோட்டம் பாக்கிறது எண்டா என்னடா, ஆரையும் வேவு பாக்கிறியா எண்டு அம்மா முந்தி கேட்டவ.) கடல்பக்கம் சூட்டுப் பயிற்சி, தற்காலிகத் தடை, 0330 இலிருந்து 0630 வரைக்கும் எண்டு கிடந்துது. மூண்டரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிஞ்சிடும், நாங்கள் வெளிக்கிடுறதே ஏழே முக்கால், பிறகென்ன எண்டு பேப்பரை மடிச்சு வைச்சிட்டன். இன்ஸ்ட்ரக்டர் அதை விரிச்சுப் பாத்திட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டார்: "தம்பி, இது ஆற்ற மூண்டரை?"

நோட்டம்ல வாற நேரம் எல்லாம் யூடிசி, உலகப் பொது நேரம். எங்கட மணிக்கூடு அதைவிட 5 மணித்தியாலம் 30 நிமிசம் முன்னுக்கு. அப்ப 0330 எண்டா காலமை 9, 0630 எண்டா மத்தியானம் 12. நான் 9 மணி சொச்சத்துக்கு நேர அதுக்குள்ள போய் நிண்டிருப்பன். சோதினையில இதே கேள்விக்கு சரியா எழுதினனான் எண்டதுதான் வெக்கம். பயணம் கான்சல்.

---

அண்ணை, எனக்கு நேரம் பிழைக்கேல்ல, இடம்தான் பிழைச்சது. நோட்டம்ல கியூ (Q) எண்டு தொடங்கிற வரியில ஒரு புள்ளியும் 010 எண்டும் இருக்கும், அதாவது ஆரை 10 நோட்டிக்கல் மைல், 18 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதை வைச்சு மெப்ல வட்டம் கீறி அதுதான் தடை எண்டு சுத்திப்போகப் பெற்றோல் கணக்கெல்லாம் போட்டன். அந்த வட்டம் கம்ப்யூட்டர் தேடி எடுக்கிறதுக்குத்தானாம், உண்மையான எல்லை ஈ (E) பகுதியிலதான் கிடக்கு, உயரம் கீழ எஃப் (F), ஜீ (G) பகுதியில. பாத்தா கடலுக்குள்ள ஒரு சின்ன நாலுமூலைத் துண்டு, என்ர பாதைக்குக் கிட்டவும் இல்ல. முடியிற நேரத்துக்குப் பக்கத்தில 'ஈஎஸ்டி' (EST) எண்டு கிடந்தா அதையும் நம்பாதேங்கோ, அது உத்தேச நேரம், கான்சல் நோட்டமோ புதுசோ வருமட்டும் தடை தடைதான்.

---

நான் பைலட் இல்ல, கலியாண வீட்டு ட்ரோன்காரன். கோணேசர் கோயிலடியில மாப்பிளை பொம்பிளையை மேலயிருந்து எடுப்பம் எண்டு நோட்டம் தேடினன், ஒண்டும் இல்ல, சரி ஏத்துவம் எண்டு பெட்டியைத் திறக்கேக்கயே கோட்டை வாசல்ல நிண்ட ஆமிக்காரர் வந்திட்டார். பிறகுதான் விளங்கினது, நோட்டம்ல வாறது பெரும்பாலும் தற்காலிகமானது, நிரந்தரத் தடையள் ஏஐபி எண்ட புத்தகத்தில இருக்கு, ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி வேற. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொஞ்சக்காலம் ட்ரோனே ஏத்தக்கூடாது எண்டு நிப்பாட்டினவை, அது முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்ச ஆள் நான்.

அது சரி, முதல் எழுதின அண்ணை, அந்தப் பாரைக் குழம்புக்கு என்ன நடந்தது?

---

தம்பியார் திண்டு முடிச்சிட்டான்.