எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு சின்ன ஆலோசனை வேண்டும்.

இரவு ஜெபம் முடிந்ததும் மூத்தவனோடு உட்கார்ந்து ஒரு துப்பறியும் தொடர் பார்த்து வருகிறோம். நல்ல கதை. ஆனால் நான்காவது பாகத்தில் திடீரென்று ஒரு படுக்கையறைக் காட்சி. நான் ரிமோட்டைத் தேடுகிறேன், அவன் கூரையைப் பார்க்கிறான்! வயது 14. "இதை ஏம்ப்பா பாக்குறோம்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பைபிளில் பிலிப்பியர் 4:8 வசனம் தெரியும். உண்மையானவை, ஒழுக்கமானவை, கற்புள்ளவை, இவற்றையே சிந்தியுங்கள் என்று அப்போஸ்தலன் பவுல் அடுக்குகிறார். சரி, ஆனால் தாவீது ராஜா பிறன் மனைவி பத்சேபாளோடு பாவம் செய்த கதையும் வேதத்தில்தானே இருக்கிறது? பாவத்தைக் காட்டுவதும் அதை ரசிக்க வைப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

வயதுக் குறியீட்டை மட்டும் நம்ப முடியவில்லை. பின் நம்பர் போட்டுப் பூட்டியும் பார்த்தாயிற்று, அதை அவன்தான் எனக்கு செட் செய்து கொடுத்தான். டிவியையே தூக்கிப் போடு என்பவர்கள் மன்னிக்கவும், அது எங்கள் வீட்டில் நடக்காது.

பதின்வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒரு தொடரைத் தொடங்குமுன் எப்படிச் சோதிக்கிறீர்கள்? பாதியில் நிறுத்தினால் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்?