புதுத் தொட்டியில் கரையும் இலை, கண்ணாடியில் வெள்ளைப் புழு: உங்களுக்கு என்ன நடந்தது?

சென்னையிலிருந்து:

செடி வளர்க்கும் இரண்டடி மீன்தொட்டி. அடியில் அக்வா சாயில் (தண்ணீர்ச் செடிக்கென்றே விற்கும் சத்து மண்), பின்னால் ரொட்டாலா, முன்னால் கிரிப்டோகொரைன் வெண்டி, மரத்துண்டில் கட்டிய அனுபியாஸ். நட்ட சில நாளிலேயே கிரிப்டோ இலைகள் வெளுத்துக் கூழாகி, விரல் பட்டதும் கையோடு வந்தன. பலரும் இந்தக் கட்டத்தில்தான் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். நர்சரிகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்காது. அதிலும் கிரிப்டோ ரோஷக்காரச் செடி. இடம் மாற்றினாலே இலையை உதிர்த்துவிடும். அடித்தண்டு அமுக்கினால் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், தண்ணீருக்கேற்ற புது இலை அதிலிருந்தே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

அழுகிய இலையை மட்டும் உடனுக்குடன் கத்தரித்து எடுக்க வேண்டும். விட்டால் அமோனியா ஏறும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். புது அக்வா சாயிலும் தன் பங்குக்கு அமோனியாவைக் கசியவிடும். அதுவரை மீன் விடாமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அழுகல் இருந்தால் அதைத் தின்ன ஆள் வரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளை அசைவு. மருந்தைத் தேடுவதற்கு முன் ஒரு லென்ஸ் வாங்குங்கள் என்பதுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது. ஏனென்றால் எல்லாமே வெள்ளை, எல்லாமே பொடிசு. ஆனால் நகர்கிற விதம் வேறு வேறு. மயிரிழை கனத்தில் நெளிந்து நெளிந்து தண்ணீரில் மிதந்து வருவது டெட்ரிடஸ் புழு. கழிவைத் தின்று வாழ்வது, யாரையும் கடிக்காது. விட்டு விட்டுத் துள்ளுவது சைக்ளாப்ஸ். கேழ்வரகு மணி மாதிரி உருண்டையாக ஓடித் திரிவது ஆஸ்ட்ரகாட். இவை மூன்றும் மீனுக்குத் தீனி, அவ்வளவுதான்.

பிளனேரியா என்ற தட்டைப்புழு வேறு. அது நெளியாது, கண்ணாடியோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். லென்ஸில் பார்த்தால் முக்கோணத் தலை, அதில் இரண்டு கண்புள்ளி. இறால் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கண்ணாடியில் வைத்து நசுக்காதீர்கள், துண்டான உடலிலிருந்து மறுபடி முழுப் புழு வளரும். ஹைட்ராவும் அப்படியே. ஆபிரகாம் டிரெம்பிளி என்ற இயற்கை ஆய்வாளர் ஹைட்ராவை வெட்டி வெட்டிப் பார்த்து 1744-இல் எழுதி வைத்திருக்கிறார். ஹைட்ரா ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்து நிற்கும், குச்சியால் தொட்டால் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அதை வைத்தே அடையாளம் காணலாம். பெரிய மீனை ஒன்றும் செய்யாது, ஆனால் மீன்குஞ்சையும் இறால் குஞ்சையும் பிடித்துவிடும்.

என் தொட்டியில் இருந்தது டெட்ரிடஸ் புழுவும் கொஞ்சம் ஹைட்ராவும்தான். மருந்தே போடவில்லை. மண்ணின் மேல்பரப்பை சைஃபன் செய்தேன், பின்னால் மீன் விட்டபோது தீனியைக் கையை இறுக்கிப் போட்டேன், ஒரு நீல கௌராமியை விட்டேன். ஹைட்ராவை அது பொறுக்கித் தின்றுவிட்டது. ஆனால் இறால் குஞ்சு இருக்கும் தொட்டிக்கு கௌராமி ஆகாது.

பிளனேரியாதான் என்று உறுதியானால் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து வேலை செய்யும். நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்து மாத்திரைகளில் வேறு மருந்தும் கலந்திருக்கும், அட்டையில் உள்ளதைப் படிக்காமல் போடாதீர்கள். நத்தை இருந்தால், முக்கியமாக நெரைட் வகை நத்தை இருந்தால், முதலில் வெளியே எடுங்கள். செத்த புழு மொத்தமாக அழுகும் என்பதால் அடுத்தடுத்து தண்ணீர் மாற்ற வேண்டிவரும். செம்பு கலந்த மருந்து பக்கமே போகாதீர்கள், இறால் தாங்காது.

கோவையிலிருந்து:

அண்ணா, பூச்சியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. எனக்குச் சிக்கல் இலையில். எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மென்மையான தண்ணீர். ரொட்டாலாவின் நுனி இலைகள் முறுக்கிக்கொண்டு வந்தன. தொட்டியிலிருந்த நத்தைகளின் ஓடு உச்சியில் வெள்ளையாக அரித்துக் குழிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவு என்று புரிந்துவிட்டது. நொறுக்கிய பவளத்தைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டேன். முறுக்கிய இலை நேராகவில்லை, ஆனால் அடுத்து வந்தவை நேராக வந்தன.

எந்த இலை கெடுகிறது என்பதை முதலில் பாருங்கள். நைட்ரஜனும் பொட்டாசியமும் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் அடியிலை முழுக்க மஞ்சளாகும், அல்லது ஊசித்துளைகள் விழும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, நுனிதான் அடிபடும். நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளிறியும் புது இலை வந்தால் இரும்பு. சென்னையில் போர்வெல் தண்ணீர் என்றால் உரம் வாங்கும்போது டிடிபிஏ இரும்பா என்று பாருங்கள் அண்ணா. டிடிபிஏ, இடிடிஏ என்பவை இரும்பைத் தண்ணீரில் கரைந்தபடியே பிடித்து வைக்கும் சேர்மங்கள். பிஎச் 7-க்கு மேல் போனால் இடிடிஏ இரும்பு அதிக நேரம் நிலைக்காது.

நாகர்கோவிலிலிருந்து:

நான் செடி எடுத்தது குளத்தில் வளர்த்தவர் ஒருவரிடம். இறால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, சடலம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் செடிக்குள் கண்டது ஊசித்தட்டானின் இளம்புழு. வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள், ஆறு கால், முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தாடை. இரை பக்கத்தில் வந்ததும் அதை நீட்டிப் பிடித்துவிடும். மருந்தெல்லாம் வேண்டாம், வலையால் எடுத்தாலே போதும். ஆனால் ஒன்று இருந்தால் இன்னும் சில இருக்கும், தினமும் தேட வேண்டும்.

மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையில் அசுவினியும் வந்தது. இலையைத் தண்ணீருக்குள் அமுக்கி உலுக்கினால் உதிர்ந்துவிடும், மீன் தின்றுவிடும். பூச்சிக்கொல்லி தெளித்துவிடாதீர்கள் மக்களே. இப்போது புதுச் செடி எது வந்தாலும் தனி வாளியில் போட்டு வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, வெள்ளைத் தட்டில் உதறிப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுகிறேன். நத்தை முட்டை தெரிந்தால் படிகாரத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து அலசிக்கொள்ளலாம்.