நுரைக்கு மேலே ரோந்து போகும் நீலத் தட்டான்

ஹோவிக் அருவிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் உம்ங்கேனி ஆறு 95 மீட்டர் கீழே விழும் இடம் அது. தட்டான்களில் ஆர்வமுள்ளவர்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

அருவியைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்து ஓடுகிறது. நான் புளூ கேஸ்கேடர் என்ற தட்டானைப் பார்த்தது அந்த நுரைக்கு மேலேதான். அறிவியல் பெயர் சைகோனிக்ஸ் நட்டாலென்சிஸ். முதிர்ந்த ஆணின் கறுத்த உடம்பில் திருநீறு பூசியதுபோல் நீலச் சாம்பல் படிந்திருக்கும். உட்காரவே மாட்டேன் என்கிறது! சாரலுக்குள் போய் வருகிறது, நீரோட்டத்தைப் பார்த்தபடி அந்தரத்தில் நிற்கிறது, மறுபடி ரோந்து. எப்போதாவது ஒரு குச்சியில் செங்குத்தாகத் தொங்கினால்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

இதன் இளம்புழு வளர்வதும் அதே வேகத் தண்ணீரில்தான். வலுவான நகங்களால் பாறையைப் பற்றிக்கொள்கிறது. தட்டான் புழுக்களுக்குச் செவுள் குடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது; பாறையில் மோதிப் புரளும் தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருப்பதால் மூச்சுவிட வசதி.

சில கிலோமீட்டர் மேலே, அதே ஆற்றில் மிட்மார் அணை. அந்தக் கரையிலும் தட்டான்கள் உண்டு, ஆனால் தேங்கிய நீரை விரும்பும் வேறு வகைகள். நீலத் தட்டானை நான் அங்கே பார்க்கவில்லை. அணையைக் குறை சொல்லவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீர். ஆனால் ஓட்டம் நின்ற இடத்தில் இந்தத் தட்டானுக்கு வேலையில்லை.

என்னை இன்னும் கவலைப்பட வைப்பது கரையோரத்தில் அடர்ந்துவிட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள். நிழல் மூடினால் வெயில் தேடும் தட்டான்கள் விலகிவிடுகின்றன. 1995இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அந்நிய மரங்களை வெட்டிய ஓடைகளுக்குத் தட்டான்கள் திரும்பி வந்ததை பூச்சியியலாளர் மைக்கேல் சாம்வேஸ் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரவல், ஆபத்து நிலை, வாழிட மாற்றத்தைத் தாங்கும் திறன் மூன்றுக்கும் சேர்த்து ஒவ்வொரு தட்டான் இனத்துக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து, அதை வைத்தே அங்கே ஆற்றின் நலத்தை அளக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

இதே பேரினத்தைச் சேர்ந்த சைகோனிக்ஸ் ஐரிஸ் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருக்கிறது. பார்த்தவர்கள் எந்த ஓடை, எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.