பட்டை வண்டு ஆய்வை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாமா?

களுவாஞ்சிக்குடி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். சென்ற மாரி முடிந்த கையோடு எங்கள் வளவு மாமரத்தின் ஒரு கொப்பு காய்ந்துபோனது. அப்பா அதை வெட்டிப் போட்டபோது, பட்டையிலிருந்து மரத்தூள் மெல்லிய திரிகளாக, இடியப்பம் பிழிந்தாற்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. கத்தியால் பிளந்து பார்த்தேன். குண்டூசித் தலையளவு துளைகளும், ஓரம் கறுத்த சுரங்கங்களும், அவற்றுக்குள் எள்ளளவான கபில நிற வண்டுகளும் இருந்தன. பட்டை வண்டுக் கூட்டத்தைச் சேர்ந்த இவை மரத்தை உண்பதில்லை, தாங்களே கொண்டுவரும் பங்கசை (பூஞ்சையை) சுரங்கச் சுவரில் பயிரிட்டு அதைத்தான் உண்கின்றன என்று படித்த நாள் முதல் என் மனம் வேறெதிலும் நிலைக்கவில்லை. ஆனால் வீட்டில், "வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் தருவார்?" என்கிறார்கள். நெல் விளையும் மாவட்டத்தில் நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டியான் பூச்சியைப் படித்தாலாவது வேலை கிடைக்கும் என்பது நண்பர்களின் கருத்து. இந்த வண்டுகளையே நம்பி ஒருவர் பூச்சியியலாளராக வாழ முடியுமா?

ஆரையம்பதி ஓய்வுபெற்றவர்:
மகள், நான் மலையகத்தில் தேயிலைப் பூச்சிகளோடு பல வருடங்கள் வேலை செய்தவன். தோட்டத்தில் 'ஷொட் ஹோல் போரர்' என்று சொல்லும் வண்டு நீங்கள் பிளந்து பார்த்த கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது துளைத்த கிளை வெளியே பச்சையாகவே நிற்கும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை பட்டதும் துளை இருக்கும் இடத்தில் சடக்கென்று முறியும். மேலே தெளிக்கும் மருந்து மரத்துக்குள் இருக்கும் வண்டை எளிதில் சென்றடையாது என்பதைக் கண்ணால் கண்டவன் நான்.

அந்த வண்டுக்கு 1868 ஆம் ஆண்டு ஐக்கோஃப் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தார், அதுவும் இலங்கையிலிருந்து சென்ற மாதிரியை வைத்து. நீண்ட காலமாக அதை ஒரே இனமென்று எண்ணியிருந்தோம். பின்னர் டீ.என்.ஏ. ஆய்வு செய்தபோது, கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தவை நான்கு இனங்கள் என்று தெரியவந்தது. 2019 இல் பழைய மாதிரிகளை மீண்டும் அளந்து பார்த்து, யுவலேசியா ஃபோர்னிகேட்டஸ் என்ற அந்தப் பழைய பெயர் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களைத் தாக்கும் இனத்துக்கே உரியது என்று தீர்த்தார்கள். அதே இனம் தென்னாபிரிக்காவிலும், 2021 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. எந்த வண்டு எந்தப் பங்கசைச் சுமக்கிறது, எந்த மரத்தில் பெருகுகிறது என்பதெல்லாம் பெயர் சரியாக இருந்தால்தான் தெளிவாகும். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. நீங்கள் தேடும் வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இக்கூட்டத்தில் கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். அதற்குப் பறக்கத் தெரியாது, சுரங்கத்துக்குள்ளேயே தன் சகோதரிகளோடு கூடும். ஆகவே வாய்க்கருகிலுள்ள சிறு பையில் பங்கசைச் சுமந்துகொண்டு ஒரேயொரு பெண் வண்டு கப்பலில் வரும் மரப்பெட்டிக்குள் இருந்தால் போதும், புதிய நாட்டில் ஒரு பரம்பரையே தொடங்கிவிடும். மரப்பொதிகளை உட்புறம் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற முறைகளால் பதப்படுத்த வேண்டும் என்ற சர்வதேச விதி இப்படிப்பட்ட பூச்சிகளைத் தடுக்கத்தான் வந்தது. தாவரத் தடுப்புக்காப்புச் சேவையில் இவற்றை அறிந்தவரின் தேவை குறையப் போவதில்லை.

சம்மாந்துறை, தற்போது வெளிநாட்டில்:
தங்கச்சி, நான் இதே துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். மேலே ஐயா சொன்னதோடு ஒரு நடைமுறை விடயம்: 'வண்டு ஆய்வாளர்' என்ற பெயரில் பதவி விளம்பரம் வராது. விவசாயத் திணைக்களம், வன ஆய்வு, பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி ஆகியவற்றின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். பேராதனையில் முதுமாணி செய்வது நல்ல தொடக்கம்.

அதுவரை காத்திராமல் இன்றே சேகரிக்கத் தொடங்குங்கள். நலிந்த மரம் எதனோல் வாசனையை வெளிவிடும்; அதை முகர்ந்துதான் இவ்வண்டுகளில் பல வருகின்றன. வெறும் சோடாப் போத்தலின் பக்கத்தில் ஜன்னல் போல் வெட்டி, உள்ளே எதனோல் கலந்த கைச் சுத்திகரிப்பான் ஊற்றித் தலைகீழாக மரத்தில் கட்டுங்கள். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் யிரி ஹுல்சர் என்பவரின் குழு பொதுமக்களை இப்படித்தான் வண்டு சேகரிக்க வைத்தது. கிடைத்தவற்றைச் செறிந்த எதனோலில் இட்டு, இடம், திகதி, மரம் மூன்றையும் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். எனது முதல் வருடச் சேகரிப்பில் பாதி அப்படித்தான் வீணானது. காட்டுக்குள் பொறி வைப்பதானால் உரிய திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி கட்டாயம்.

வாவிக்கரைக் குழு உறுப்பினர்:
நாங்கள் மட்டக்களப்பு வாவியோரம் கண்டல் கன்று நடுகிறோம். நடுவதற்காகச் சேர்த்த நீண்ட முளைவித்துகளில் சிலவற்றில் ஊசித் துளை போன்றவை இருந்தன. அவை நட்ட சில கிழமைகளில் பட்டுப்போயின. கண்டலின் முளைவித்தையே துளைத்து வாழும் கொக்கோட்ரைப்பிஸ் ரைசோஃபோரே என்ற பட்டை வண்டு உண்டென்று வாசித்திருக்கிறேன். எங்களுடையது அதுவா, வேறா என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. உங்களுக்கு விருப்பமென்றால் துளையுள்ள வித்துகளை எடுத்து வைக்கிறோம்.

களுவாஞ்சிக்குடி மாணவி:
மிக்க நன்றி, ஐயா, அண்ணா. வித்துகளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். வருகிற சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், எந்தக் கரையில் பொறுக்கியவை என்பதை மட்டும் தனித்தனியே குறித்து வையுங்கள். நேற்று மாலை மாமரத்தில் முதல் போத்தலைக் கட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அப்பாதான்.