கொலுவில் செஞ்சிக்கோட்டை: சிவாஜி முடிசூட்டு எங்கே வரணும்?

வளவுவீடு (காரைக்குடி):
இந்த நவராத்திரிக்கு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்), கொலுப்படிக்குப் பக்கத்தில் செஞ்சிக்கோட்டை போடுகிறோம். இடம் 5 அடிக்கு 4 அடி. கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரி உச்சியில் சத்ரபதி சிவாஜி முடிசூட்டு, அடிவாரத்தில் ராஜா தேசிங்கு. மலை எத்தனை உயரம் வைக்கலாம்?

செஞ்சிமலை:
முடிசூட்டு நடந்தது மகாராஷ்டிரத்து ராய்கட் கோட்டையில், 1674 ஜூன் 6. செஞ்சி அவர் கைக்கு வந்ததோ 1677இல். அதனால் செஞ்சியில் குதிரைமேல் சிவாஜியும் படையும் போதும். தேசிங்கு மடிந்தது 1714, அவரை எடுத்துவிடுங்கள். சாதத்துல்லா கான் மசூதியும் 1717க்குப் பிறகுதான். கல்யாண மகால் இருக்கலாம், அது நாயக்கர் காலத்தது.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ராஜகிரி சுமார் 800 அடி. அதை 1 அடியாக்கினால், 13 கிலோமீட்டர் மதில் அதே கணக்கில் 53 அடி ஓடும்! உங்கள் இடத்தின் சுற்றளவே 18தான். மலையை 1 அடியாகவே விட்டு, மதிலை மட்டும் கால்பங்காக்கி 13 அடியில் முக்கோணமாக வளையுங்கள். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம்; ராஜகிரிதான் உசத்தி. அதன் உச்சிக்குக் கீழே ஒரு பிளவும் மரப்பாலமும் மறக்காதீர்கள், ஐஸ்குச்சி போதும்.

மலையைக் கூம்பாகப் பூசினால் செஞ்சி மாதிரியே இராது. அங்கே பாறை மேல் பாறை. கோணிமேல் மண் பூசி, ஈரம் காயுமுன் ஜல்லியைப் பதியுங்கள். வெறும் செம்மண் வெடிக்கும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து, நிழலில் காயவிடுங்கள்.

ஆத்தங்குடிக்காரர்:
அடியில் பாலித்தீன் விரிக்காமல் ஈரச் செம்மண்ணைக் கொட்டிவிடாதீங்க ஆச்சி. ஆத்தங்குடிப் பூக்கல் தரையில் கறை ஏறினால் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. காட்டுக்கு வெந்தயம் தூவுங்க, நாலு நாள் முன்னாடியே.

வளவுவீடு:
முடிசூட்டு செட்டு வாங்கியாச்சே, என்ன பண்ண?

கொள்ளிடக்கரை:
தனிப்படியில் வையுங்கள். வெண்கொற்றக்குடை கட்டாயம், சத்ரபதி என்ற பட்டமே அதனால்தான். சுற்றி எட்டு அமைச்சர்கள் வேண்டும். கடை செட்டில் பெரும்பாலும் நாலுதான் இருக்கும். தாயார் ஜீஜாபாயை உட்கார்ந்த கோலத்தில் வையுங்கள். விழா முடிந்து இரண்டு வாரத்துக்குள், ஜூன் 17இல், காலமாகிவிட்டார்.

பக்கத்தில் தஞ்சைப் பெரியகோயில் பொம்மை வைத்து 'சிவாஜி தஞ்சை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தஞ்சையைப் பிடித்தது மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி. 1677இல் அண்ணனைத் திருமழபாடியில் சந்தித்தார், சொத்துப் பங்கில் பேச்சு முறிந்து இரவோடிரவாகக் கொள்ளிடம் தாண்டிவிட்டார்.