சுகம் கிடைக்காதது விசுவாசக் குறைவினாலா?

கேள்வி:
எங்கள் சித்திக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அண்மையில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். தலையில் கைவைத்து ஜெபித்த ஊழியர், அதன் பிறகும் சித்தி டயாலிசிஸுக்குப் போவதை அறிந்து, விசுவாசம் இருந்திருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டார். நாசரேத்து மக்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் இயேசு அங்கே அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்ற மத்தேயு 13:58-ஐ ஆதாரமாகக் காட்டினார். அன்றுமுதல் சித்தி தம் நோயைவிடத் தம் விசுவாசத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார். அற்புதம் என்பது விசுவாசத்துக்குக் கொடுக்கப்படும் கூலியா? வேதம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
சகோதரி, அந்த வசனத்தை அதற்கு முந்தைய வசனங்களோடு சேர்த்து வாசியுங்கள். அங்கே சொல்லப்படும் அவிசுவாசம், "இவன் தச்சனுடைய குமாரன் அல்லவா?" என்று சொல்லி அவரை ஏற்க மறுத்த ஊராருடையது, சுகம் வேண்டி அவரிடம் வந்த நோயாளியுடையது அல்ல. அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு 6:5 சொல்கிறது. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாயிருந்தவனோ, சுகமடைந்த பிறகும் தன்னைச் சுகப்படுத்தியவர் யார் என்று அறியாதிருந்தான் (யோவான் 5:13). அவனிடம் எந்த விசுவாசத்தை அளந்து பார்த்தார்கள்?

அற்புதம் எதற்காக என்பதற்கு மாற்கு 2-ஆம் அதிகாரமே போதும். நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கிய திமிர்வாதக்காரனிடம் இயேசு முதலில் பாவமன்னிப்பைத்தான் சொன்னார். பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை அங்கிருந்தோர் அறியும்படியாகவே பிறகு எழுந்து நடக்கச் சொன்னார். தாம் யார் என்பதை அவர் காட்டிய செயல் அது. நடந்துபோன அந்த மனிதனும் ஒருநாள் இறந்திருப்பான், இயேசு மரணத்திலிருந்து எழுப்பிய லாசருவும் மறுபடி இறந்திருப்பான். உடல் சுகம் மட்டுமே நோக்கமென்றால் சுவிசேஷத்தில் நிலைத்த அற்புதம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் பதில்:
நான் கத்தோலிக்கன். பிரான்சிலுள்ள லூர்து நகரில் 1858-இல் அன்னை மரியாளின் காட்சி கண்டவர் பெர்னதெத். அவர் கைகளால் தோண்டிய இடத்தில் ஊற்றெடுத்த நீரைத் தேடி இன்றும் நோயாளிகள் போகிறார்கள். அங்கே குணமானதாகச் சொல்லப்பட்ட நிகழ்வுகள் 7,000-க்கும் மேல்; ஆனால் 2018 வரை திருச்சபை அற்புதமென்று அறிவித்தவை 70 மட்டுமே. நோய் கடுமையானதா, குணம் திடீரென்று முழுமையாக வந்து நிலைத்ததா, சிகிச்சையால் விளக்க முடியுமா என்று மருத்துவர்கள் ஆராய்கிறார்கள். அற்புதம் என்ற சொல்லை அவர்கள் சொல்வதில்லை, அதை அறிவிப்பவர் ஆயர். இத்தனைக்கும், காட்சி கண்ட பெர்னதெத்தே காசநோயால் 1879-இல் நெவேர் மடத்தில் தம் 35-ஆம் வயதில் இறந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிபவர் யார்?

மூன்றாம் பதில்:
விசுவாசத்துக்கு இடமே இல்லை என்பதுபோல் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஸ்திரீயிடம், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று ஆண்டவரே சொன்னார். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று யாக்கோபு 5:15-இலும் வாசிக்கிறோம்.

முதல் பதில் எழுதியவர்:
விசுவாசத்துக்கு இடம் உண்டு, ஐயா. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாக்கோபு 5:14-ஐயும் சேர்த்துப் பாருங்கள். நோயாளி சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், ஜெபிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே குறை தேடித்தான் தீரவேண்டும் என்றால், ஜெபித்த ஊழியரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்!

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. டயாலிசிஸை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் செயல் என்று கூட்டத்தார் சிலர் இப்போது சித்தியை வற்புறுத்துகிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

இரண்டாம் பதில் எழுதியவர்:
ஒரு முறைகூட நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. தம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாகவே விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவ்விருவரையும் அவர் விசுவாசமற்றவர்கள் என்று கடிந்துகொள்ளவில்லை. அடுத்த முறை சித்தி டயாலிசிஸுக்குப் போகும்போது, அந்தக் கூட்டத்தாரில் ஒருவரையாவது கூடப்போய் அந்த நான்கு மணி நேரமும் பக்கத்திலிருந்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.